நன்றிக்கு மூன்று நிமிடம்

நான் ஆறு வருடம் நகர மன்ற உறுப்பினராக இருந்தவன். பேராக் மாநிலத்தில்தான். எந்த மன்றம் என்று சொல்லப்போவதில்லை. அங்கே இன்னும் வேலை பார்க்கிற நாலு நல்ல மனிதர்களுக்கு என்னால் சங்கடம் வேண்டாம். தவிர, நான் இங்கே குறை சொல்ல வந்திருக்கும் ஆள் அவர்களில் யாரும் இல்லை.

எனக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. கூரையில் எல் பலகை வைத்த சின்ன கார், ஈப்போவுக்கும் பத்து காஜாவுக்கும் நடுவில் உள்ள சாலைகள், வியர்த்த கைகளோடு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் பிள்ளைகள். இருபத்தைந்து வருடமாக இதே பிழைப்பு. மன்றத்தில் என்னைப் போட்டபோது என் மனைவி சொன்னாள்: "கார்ல உங்க பக்கமும் ஒரு பிரேக் இருக்கு. அங்க அதுவும் இருக்காது. யோசிச்சுப் போங்க." நான் யோசிக்கவில்லை. கடிதம் வந்த அன்றே கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் நாட்டில் மன்ற உறுப்பினருக்கு யாரும் ஓட்டுப் போடுவதில்லை. கட்சி பெயர் கொடுக்கும், நியமனக் கடிதம் வரும், ஒரு வட்டாரத்தைப் பிரித்துக் கொடுப்பார்கள். அந்த வட்டாரத்தில் சாக்கடை அடைத்தாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும், நாய் துரத்தினாலும் போன் நமக்கு வரும். நாம் அதை அதிகாரிகளுக்கு அனுப்புவோம். அவர்கள் "பார்க்கிறோம்" என்பார்கள். நாம் ஊருக்குத் திரும்பி "பார்க்கிறாங்களாம்" என்போம். ஆறு வருடத்தில் நான் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

மாதம் ஒரு முறை முழுக் கூட்டம். குளிர்சாதனம் எலும்பு வரைக்கும் போகும். அதனால்தான் கோட்டு என்று எனக்கு இரண்டாவது கூட்டத்திலேயே புரிந்துவிட்டது. முதலில் பிரார்த்தனை, பிறகு போன மாதக் கூட்டக் குறிப்பை உறுதிப்படுத்துவது, பிறகு பழைய விவகாரங்கள் எங்கே நிற்கின்றன என்ற பட்டியல், பிறகு ஒவ்வொரு பிரிவின் அறிக்கை. புல் வெட்டினார்கள், கொசுப்புகை அடித்தார்கள், பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையை வேறு தெருவுக்கு மாற்றினார்கள், ஒரு வியாபாரி மாற மாட்டேன் என்கிறார். கடைசியில் சமூகத் தகவல்கள். அது முடிந்தால் கறிபாப், மீ கோரெங், தே தாரிக்.

குறிப்பை உறுதிப்படுத்த ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும். என் நாற்காலி மைக் பக்கத்தில் இருந்தது. அதனால் வழிமொழிவது என் வேலை என்று ஆகிவிட்டது. தலைவர் கண்ணைத் தூக்கி என்னைப் பார்ப்பார், நான் கையைத் தூக்குவேன். அந்தக் குறிப்பு தடியாக இருக்கும். நான் அதைப் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை. போன மாதம் நான்தானே அங்கே உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியாததா என்று ஒரு மிதப்பு.

அந்தக் குறிப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரத்தில் ஒரு கட்டம் இருக்கும். ஒரு விவகாரத்துக்கு நேரே அந்தக் கட்டத்தில் ஒரு பிரிவின் பெயர் இருந்தால், அந்தப் பிரிவு அதைச் செய்தாக வேண்டும். செய்யும் வரை மாதா மாதம் அது பட்டியலில் வந்துகொண்டே இருக்கும். வெறும் தகவலுக்கு என்று இருந்தால் யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வேலை முடிந்துவிட்டால் செலெசாய் என்று எழுதுவார்கள். மலாயில் முடிந்தது என்று அர்த்தம். அடுத்த மாதத்திலிருந்து அந்த வரியே இருக்காது. மன்றம் என்பது கட்டடமோ தலைவரோ அல்ல, அந்தக் கட்டம்தான். இது எனக்குத் தெரிய ஐந்து வருடம் பிடித்தது, தெரிந்தபோது காரியம் கைமீறிப் போயிருந்தது.

என் வட்டாரத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டம் இருந்தது. ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டார்கள், செம்பனையில் பாதியை அழித்துத் தாமான் என்று புதுக் குடியிருப்பு கட்டினார்கள். தோட்டத்து ஜனங்களில் ஒரு நாற்பது குடும்பத்துக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் வரிசை வீடுகள் கிடைத்தன. வீடு குறை சொல்லும்படி இல்லை. ஆனால் அங்கே போக ஒரே வழி ஒரு பாலம். பாலம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தோட்டத்து லோரி போவதற்காக எப்போதோ போட்டது. நாலு எட்டு வைத்தால் கடந்துவிடலாம். ஒரு மழையில் அதன் ஒரு பக்கம் உடைந்து இறங்கிவிட்டது. நடந்து போகலாம், மோட்டார் சைக்கிள் போகும். கார் போகாது.

அந்த வரிசையில் ஒரு பெண் இருந்தார். பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை, குத்தகைக்காரரிடம். அவர் மகளுக்கு நான் ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தேன். அந்தப் பழக்கத்தில் என்னை அண்ணே என்பார். கணவர் லோரி ஓட்டியவர். சர்க்கரையில் ஒரு கால் போயிற்று, அப்புறம் சிறுநீரகமும் போயிற்று. வாரத்துக்கு மூன்று நாள் ஈப்போவுக்குப் போய் ரத்தம் கழுவ வேண்டும். அழைத்துப்போகும் வேன் பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் நிற்கும். சக்கர நாற்காலி உடைப்பில் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். அதனால் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, அக்கம்பக்கத்து ஆண்கள் நாலு பேர் தூக்கிவந்து வேனில் ஏற்றுவார்கள். மத்தியானம் திரும்பி வரும்போது மறுபடி தூக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆண்கள் எல்லாம் வேலைக்குப் போயிருப்பார்கள். வேலையில்லாமல் யார் வீட்டில் இருக்கிறார் என்று தேடித் தேடிக் கூப்பிடுவது அந்தப் பெண்ணின் அன்றாட வேலை.

அவருக்குக் கேட்க இருந்தது ஒன்றே ஒன்றுதான். மழைக்காலத்துக்கு முன்னால் பாலம் சரியாக வேண்டும். ஓடை ஏறினால் தண்ணீர் பாலத்துக்கு மேலே ஓடும், அப்போது நாற்காலியைத் தூக்கிக்கொண்டு யாரும் நடக்க முடியாது. ஒரு தடவை ரத்தம் கழுவுவது தவறினால் உடம்பு ஊதும். இரண்டு தடவை தவறினால் மூச்சு வாங்கும். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கும் கொஞ்சம் நியாயம் வேண்டுமல்லவா. இரண்டு வருடம் நடையாய் நடந்து அந்தப் பாலத்தைப் பட்டியலில் ஏற்றியவன் நான்தான். ஓடையின் ஒரு கரை மன்றத்துடையது, மறுகரை தோட்டத்தை வாங்கிய கம்பெனியுடையது. கம்பெனியிடமிருந்து ஆட்சேபம் இல்லை என்று கடிதம் வாங்கினோம். பொறியியல் பிரிவிலிருந்து ஆள் வந்து அளந்து, பாலத்தின் நாலு மூலையிலும் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். பட்டியலில் அதற்கு நேரே வலது கட்டத்தில் அந்தப் பிரிவின் பெயர் மாதா மாதம் தவறாமல் இருந்தது. பேசாமல் விட்டிருந்தால் வந்திருக்கும். மெதுவாக வந்திருக்கும், ஆனால் வந்திருக்கும்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. புரட்டாசி முடியப்போகிறது, சாயங்காலம் தவறாமல் மேகம் கட்டுகிறது. சமூகத் தகவல் நேரத்தில் ஓர் உறுப்பினர் தன் வட்டாரத்திலிருந்து ஒருவரை அழைத்துவந்து மூன்று நிமிடம் பேசவைக்கலாம் என்று ஒரு வழக்கம் இருந்தது. அந்தப் பெண்ணையே பேசவைத்தால் தலைவர் மனம் இளகும் என்று நினைத்தேன். அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

அவர் கணவர் வாசல் பக்கத்து நாற்காலியில் இருந்தார். என்னை எப்போதும் ஒய்.பி. என்றுதான் கூப்பிடுவார். அது சட்டமன்ற உறுப்பினருக்குள்ள மரியாதை, எனக்குக் கிடையாது. தெரிந்துதான் கூப்பிடுவார்.

"ஒய்.பி. வந்துட்டாரு. பாலத்தைக் கையில கொண்டாந்துருப்பாரு, பாரு."

"சும்மா இருங்க," என்றார் அந்தப் பெண். "அண்ணே, நான் என்னாத்த பேசுறது? எனக்கு மலாய் பாசார்ல சாமான் வாங்குற அளவுக்குத்தான் வரும்."

"அது போதும்மா. எழுதித் தர்றேன், மனப்பாடம் பண்ணிக்குங்க," என்றேன். அடுத்து நான் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "ஆனா போன உடனே குறை சொல்லாதீங்க. முதல்ல நன்றி சொல்லுங்க. வந்து அளந்தாங்கல்ல, அதுக்கு நன்றி. பாலத்துக்கு நன்றி. தலைவருக்கு ஒரு பொன்னாடை போத்துங்க. அவரு மனசு குளிரும். அப்புறம் விசயத்தைச் சொல்லுங்க."

இதை நான் எங்கே கற்றேன் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல என் அப்பா மானேஜர் பங்களாவுக்குப் போன அன்று, கையில் மாலை இருந்தது. போன வருடம் குழாய் போட்டுக் கொடுத்ததற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இந்த வருடம் தண்ணீர் வரவில்லை என்றார். தண்ணீர் வந்தது. அதனால் எனக்கு அதுதான் முறை. நம் ஆட்கள் எந்த அலுவலகத்துக்குப் போனாலும், எந்த அரசியல்வாதி வந்தாலும், முதலில் தோளில் ஒன்றைப் போர்த்திவிட்டுத்தான் வாயைத் திறப்போம். நான் சொன்னதில் அந்தப் பெண்ணுக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

பொன்னாடைக்குக் கடைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. அவர் கணவருக்குப் பல வருடங்களுக்கு முன் கோயில் திருவிழாவில் போட்டது, உறை பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. திருவிழாவுக்குத் தண்ணீர் லோரி ஓட்டிக் கொடுத்ததற்காகப் போர்த்தியது. வாழ்க்கையில் அவருக்கு விழுந்த ஒரே பொன்னாடை. "எடுத்துக்கிட்டுப் போலா," என்றார் அவர். "நான் அதைப் போட்டுக்கிட்டு எங்க போகப் போறேன்?"

கூட்டத்தன்று அந்தப் பெண் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். நீலப் புடவை, கையில் நான்காக மடித்த தாள். பார்வையாளர் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நாய் விவகாரம் நீண்டுவிட்டது. தெருநாயைப் பிடிப்பதா, பிடித்தால் எங்கே வைப்பது, வைத்தால் யார் சோறு போடுவது. நானும் இரண்டு கருத்துச் சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது அவர் குளிரில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, உதடு மட்டும் அசைய, தாளைப் பார்க்காமல் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் முறை வந்தது. மைக் முன்னால் நேரம் காட்டும் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. முதலில் பொன்னாடை. தலைவர் இருக்கை மேடையில் இருந்தது. அவர் எழுந்து, சுற்றி, படியிறங்கி வந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம். அந்தப் பெண் போர்த்தினார். மன்றத்துப் புகைப்படக்காரர் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை என்றார். இன்னொரு தடவை போர்த்தினார். தலைவர் திரும்பி நடந்து, சுற்றி, உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் பேசத் தொடங்கினார். நான் எழுதிக் கொடுத்தபடியே. தலைவருக்கு நன்றி. உறுப்பினர்களுக்கு நன்றி. பொறியாளர்கள் எங்கள் இடம் வரை வந்து அளந்ததற்கு நன்றி. பாலத்துக்கு நன்றி, எங்கள் குடியிருப்பில் எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறோம். கடைசி வரி நான் எழுதாதது. நன்றியை இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் நல்லது என்று அவராகச் சேர்த்துக்கொண்டது. தப்பில்லாமல் சொன்னார். சிவப்பு விளக்கு எரிந்தது.

தாளின் பாதிதான் முடிந்திருந்தது. கணவர், நாற்காலி, வேன், மழை எல்லாம் மறுபாதியில் இருந்தன. அவர் விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குள் கைதட்டல் வந்துவிட்டது. மன்றத்தில் கைதட்டல் அபூர்வம். திட்டு வாங்கி வாங்கிப் பழகிய இடம் அது. தலைவருக்கு முகமெல்லாம் மகிழ்ச்சி. "பாருங்கள், நன்றி சொல்வதற்காகவே ஒருவர் வந்திருக்கிறார்," என்று மலாயில் சொன்னார். கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

அந்த நேரத்தில் நான் எழுந்து, அவருக்கு இன்னும் ஒரு நிமிடம் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தலைவர் குளிர்ந்திருக்கிறார், இப்போது போய்க் குறையைக் கிளப்ப வேண்டாம், சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் பிடித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். சாப்பாட்டு நேரத்தில் தலைவர் வேறொரு நிகழ்ச்சிக்குக் கிளம்பிவிட்டார். பொன்னாடை நாற்காலி முதுகிலேயே கிடந்தது. அலுவலக உதவியாளர் அதை மடித்து என்னிடம் கொடுத்தார். நான் காரின் பின்பக்கம் போட்டேன்.

"சரியா பேசினேனாண்ணே?" என்று அந்தப் பெண் கேட்டார். கையில் ஒரு கறிபாப், அதைக் கடிக்கவில்லை.

"ரொம்ப நல்லா பேசினீங்க," என்றேன்.

"விசயத்தைச் சொல்லலியே."

"அதை நான் பாத்துக்கிறேன்."

அடுத்த மாதக் கூட்டத்தில் தலைவர் கண்ணைத் தூக்கினார், நான் கையைத் தூக்கினேன். போன கூட்டத்தின் குறிப்பு உறுதியாயிற்று. நான் வழிமொழிந்தேன். அதற்குப் பிறகு பழைய விவகாரங்களின் பட்டியல் வந்தபோது எங்கள் பாலத்தைத் தேடினேன். அதற்கு முந்தைய மாதம் பதினோராவதாக இருந்தது. இப்போது பதினோராவது, ஒரு மண்டபத்தின் கூரை. முன்னும் பின்னும் புரட்டினேன். பக்கத்தில் இருந்த உறுப்பினரின் தாளை வாங்கிப் பார்த்தேன். எங்குமே இல்லை.

அப்புறம்தான் சற்று முன் நான் வழிமொழிந்த குறிப்பை எடுத்து முதல் முறையாகப் படித்தேன். சமூகத் தகவல்கள் என்ற தலைப்பின் கீழ் இருந்தது. குடியிருப்பாளர் சார்பில் ஒருவர் பாலத்துக்காக மன்றத்துக்கு நன்றி தெரிவித்தார். குடியிருப்பாளர்கள் மகிழ்ச்சியுடன் உள்ளனர். வலது கட்டத்தில்: செலெசாய்.

எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை. அவர் சொன்னது அவ்வளவுதான்.

கூட்டம் முடிந்ததும் செயலகத்து அதிகாரியிடம் ஓடினேன். மலாய்க்காரப் பெண்மணி, எல்லாரிடமும் பதவிசாகப் பேசுபவர். அவர் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: "நன்றி சொல்லிவிட்டார்களே, அதனால் பாலம் கட்டியாகிவிட்டது என்று நினைத்தோம். குறிப்பு உறுப்பினர்களுக்கு இரண்டு வாரம் முன்பே வந்ததே. இன்று உறுதிப்படுத்தும்போது நீங்கள் சொல்லியிருந்தால் திருத்தியிருப்போம்." பிறகு பக்கத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வழிமொழிந்தது நீங்கள்தான்," என்றார். குத்திக்காட்டவில்லை. எனக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

உறுதியான குறிப்பைத் தொட முடியாது. புதிதாக மனு போடலாம், புது எண் கிடைக்கும், வரிசையின் கடைசியில் போய் நிற்கும். கம்பெனி கொடுத்த கடிதம் பழைய எண்ணுக்குரியது. புதிதாக வாங்க வேண்டும். கம்பெனி அதற்குள் கைமாறியிருந்தது. புது நிர்வாகத்தின் அலுவலகம் கோலாலம்பூரில், போன் எடுப்பவருக்கு எங்கள் ஓடை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நான் மனு போட்டேன். அடுத்த கூட்டத்தில் எழுந்து, இதில் பிழை நேர்ந்துவிட்டது, பாலம் கட்டப்படவில்லை என்று சொன்னேன். சொல்லத் தொடங்கும்போதே என் வாயில் முதலில் வந்தது "மன்றத்துக்கு நன்றி" என்பதுதான். நாக்கைக் கடித்துக்கொண்டேன். தலைவர் பொறுமையாகக் கேட்டு, புது மனுவைத் துரிதப்படுத்தச் சொன்னார். குறிப்பில் அது ஒரு வரியாக வந்தது. இந்தத் தடவை எல்லா வரியையும் படித்தேன். வலது கட்டத்தில் தகவலுக்கு என்றிருந்தது. புது மனுவுக்கு இன்னும் எண் விழவில்லை, எண் இல்லாததற்கு எந்தப் பிரிவையும் பொறுப்பாக்க முடியாது என்றார்கள். அதுவும் சரிதான். எங்கே தொட்டாலும் எல்லாம் சரியாக இருந்தது. கத்துவதற்குக்கூட ஒரு ஆள் கிடைக்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் "தாமதமாகும்" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை.

மழை வந்தது. முதல் பெருமழையில் ஓடை ஏறி ஒருநாள் வேன் திரும்பிப்போனது. அடுத்த முறை முழங்கால் தண்ணீரில் நாற்காலியைத் தூக்கிக் கடந்தார்கள். நடுவில் ஒருவருக்குக் கால் சறுக்க, நாற்காலி சாய்ந்து கணவர் உடைப்பின் ஓரத்தில் விழுந்தார். அடி பெரிதாக இல்லை. ஆனால் அதற்குப் பிறகு தூக்க ஆட்கள் பயந்தார்கள். யாரைக் குறை சொல்வது. அந்த வாரமே இன்னொரு முறையும் தவறியது. மூச்சு வாங்கிப் பத்து காஜா ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே அவரைப் பிழைக்கவைத்து அனுப்பினார்கள்.

கல்யாணமான மகள் தைப்பிங்கில் இருந்தாள், நான் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள்தான். வீட்டுக்குப் பக்கத்திலேயே ரத்தம் கழுவும் இடம். அப்பாவை அங்கே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அம்மாவையும் கூப்பிட்டாள். ஆனால் அங்கே இருப்பது இரண்டு அறை வாடகை வீடு, மாமியாரும் உண்டு. இங்கே பள்ளிக்கூட வேலையை விட்டால் இந்த வயதில் இன்னொன்று கிடைக்காது. அதனால் கணவர் அங்கே, மனைவி இங்கே. முப்பது வருடத்துக்குமேல் ஒன்றாகச் சோறு தின்றவர்கள், இனி மனைவி சனிக்கிழமை பஸ் ஏறிப் போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருவது என்று ஏற்பாடு.

கணவர் கிளம்பிய அன்று தூக்க மூன்று பேர்தான் இருந்தார்கள். நாற்காலியின் நான்காவது கால் எனக்கு வந்தது. ஆறு வருடத்தில் அந்தப் பாலத்தின் மேல் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான். மழை இல்லை, தண்ணீர் வடிந்திருந்தது. மூலைகளில் சிவப்புக் கோடு இன்னும் அழியாமல் இருந்தது. எனக்கு மூச்சு வாங்கியது. அவர் கனமே இல்லை, வெட்கத்தில்தான் வாங்கியது.

"மெதுவா, மெதுவா," என்றார் அவர் நாற்காலியிலிருந்து. "ஒய்.பி. தூக்கி நான் போறேன். யாருக்குலா இந்தக் குடுப்பினை?" மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன்.

மகளின் காரில் உட்காரவைத்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் பொன்னாடை தலைவருக்கு நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

அது எங்கே இருந்தது என்றால், ஒரு தலைமையாசிரியர் வீட்டில். பள்ளி விழா ஒன்றில் பொன்னாடை போதவில்லை என்றார்கள், என் காரில் ஒன்று கிடந்தது, எடுத்துக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது யாருடையது என்ற நினைப்பே வரவில்லை. பொன்னாடை அப்படிக் கைமாறுவதுதான் என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் அது அவருக்கு விழுந்த ஒரே ஒன்று.

கார் போயிற்று. தூக்கியவர்கள் வேலைக்குக் கிளம்பினார்கள். அந்தப் பெண் காலி நாற்காலியை எடுத்துக்கொண்டார். நான் வாங்கிக்கொள்ளப் போனேன், கொடுக்கவில்லை. பாலம் வரைக்கும் கூட நடந்தேன். உடைப்புக்கு முன்னால் அவர் நின்றார்.

"அண்ணே, ஒன்னு கேக்கணும்லா. அன்னைக்கு மீட்டிங்ல நான்தான் கெடுத்துட்டேனா?"

"ஏன்மா?"

"எங்க வீட்டுக்காரரு நேத்து கேட்டாரு, அண்ணே உனக்கு என்னா சொல்லிக் குடுத்தாருன்னு. நான் யோசிச்சுப் பாத்தேன். நீங்க விசயத்ததான் முதல்ல சொல்லச் சொல்லியிருப்பீங்க. படிச்சவங்களுக்கு அது தெரியாதா. நான்தான் அங்க எல்லாரையும் பாத்து பயந்து, நன்றி நன்றின்னே நேரத்தப் போக்கிட்டேன். மாத்திட்டேன்லாண்ணே. என்னாலதான் அவரு இப்ப போறாரு."

அவர் அழவில்லை. நாற்காலியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எழுதிக் கொடுத்த தாள் அவரிடம் எங்கேயாவது இருக்கும். எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அவருக்கு எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. நான் தப்பாகச் சொல்லியிருப்பேன் என்று ஒரு நொடிகூட அவர் நினைக்கவில்லை.

இப்போது சொல்வது சுலபமாக இருக்கிறது. இல்லைம்மா, நன்றி சொல்லச் சொன்னது நான், கை தட்டியது நான், படிக்காமல் வழிமொழிந்தது நான். மூன்றே வரி. மூன்று நிமிடம்கூட ஆகாது. அன்றைக்கு வாய் வரவில்லை. சொன்னால் இனி என்னை அண்ணே என்று கூப்பிட மாட்டாரோ என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை.

"பரவால்லமா," என்றேன். "விடுங்க."

அவர் செய்யாத தப்புக்கு நான் அவரை மன்னித்தேன்.

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. தலையை ஆட்டிக்கொண்டார். உடைப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போய், நாற்காலியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டு திரும்பினார்.

"நன்றிண்ணே," என்றார்.